தோலாவிராவின் பள்ளங்கள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஜனவரியில் அப்பாவுடன் குஜராத்தின் கட்ச் போயிருந்தேன். விடியுமுன் புஜ்ஜிலிருந்து கார் எடுத்து, காவ்டா வழியாக தோலாவிரா என்ற பழைய சிந்துவெளி நகரம். மாலையில் தோர்டோ வந்து வெள்ளை ரண் என்ற உப்புப் பாலையில் சூரிய அஸ்தமனம். எல்லாம் ஒரே நாளில். ரண் அற்புதம், படங்கள் இணைத்திருக்கிறேன். தோலாவிராதான் ஏமாற்றம். இடிந்த சுவர்கள், வெறும் பள்ளங்கள். அங்கே கிடைத்த, சிந்துவெளி எழுத்துகள் பத்து கொண்ட பலகையையும் நேரில் பார்க்க முடியவில்லை. அப்பா வேறு, ஒரு பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கிளம்பவே மாட்டேன் என்றார். அஸ்தமனம் தப்பிவிடும் என்று நான் கத்த, சண்டையாகிவிட்டது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகுமுன் என்ன படிக்க வேண்டும்? அந்த எழுத்து தமிழ்தானா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

எழுத்து விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சிந்துவெளி எழுத்தை வாசித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தார். விடை தெரிந்த கேள்விக்கு யாரும் பரிசு அறிவிப்பதில்லை. அவ்வளவுதான்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது ‘வெறும் பள்ளங்கள்’ என்று எழுதினீர்களே, அதற்காக. படித்ததும் சுருக்கென்றது. போன வாரம்தான் ஊரிலிருந்து எங்கள் ஊருணியின் படம் வந்தது. முழுக்கச் சீமைக்கருவேலம். அதையும் இன்றைக்கு யாராவது பார்த்தால் பள்ளம் என்றுதான் சொல்வார்கள்.

காலையில் இருபுறமும் வெள்ளை வெளேரென்ற உப்புக்கு நடுவே கார் ஓட்டிப் போயிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் கடல்நீரும் ஆற்றுநீரும் அங்கே பரவி நிற்கும். பிறகு காய்ந்து உப்பாகப் படியும். அந்த உப்புக்குள் ஒரு தீவுதான் தோலாவிரா இருக்கும் காதிர். பெரிய ஆறு கிடையாது. மழை ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர்கூடத் தேறாது. அங்கே ஒரு நகரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருந்திருக்கிறது. என்னத்தைக் குடித்தார்கள் என்று உங்களுக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லையா?

வடக்கே மான்சர், தெற்கே மன்ஹர். இரண்டும் மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடைகள். குறுக்கே அணை போட்டுத் தண்ணீரைத் திருப்பி, மதிலுக்குள் வரிசையாகத் தேக்கங்களில் நிறைத்திருக்கிறார்கள். கிழக்குத் தேக்கம் மட்டும் 73 மீட்டர் நீளம், 29 மீட்டர் அகலம், 10 மீட்டருக்கும் மேல் ஆழம். இறங்கப் படிக்கட்டு. தெற்கே பாறையையே குடைந்திருக்கிறார்கள், இரும்பு வராத காலத்தில். கோட்டைமேட்டில் பெய்த மழையும் வீணாகக் கூடாதென்று ஆள் நடந்துபோகும் உயரத்துக்குக் கல் வடிகால்கள். அங்கே ஒரு கிணறு இருக்கிறது. அதன் விளிம்புக் கல்லில் கயிறு உரசி உரசி விழுந்த தடம் இன்னும் அப்படியே இருக்கிறது. எத்தனை கை இறைத்திருந்தால் கல்லில் அப்படித் தடம் விழும்! அதைத் தாண்டிப் போய்ப் பலகையைத் தேடியிருக்கிறீர்கள்.

நான் ராமநாதபுரத்துக்காரன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்க ஊருணி ஒன்றுதான். செருப்போடு கரை ஏறக்கூடாது, ஆடுமாடு இறங்கக்கூடாது, கால் நனைக்கக்கூடாது. என் அப்பத்தா கரையில் உட்கார்ந்திருந்தால் ஒரு பயல் கிட்டே வரமாட்டான். சித்திரையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனதும் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவாள், கலங்கிவிடாமல். ஒரு குடம் நிறைய அரைமணி நேரம். கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்தது, நல்லதுதான், வரவே கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் அதற்குப் பிறகு ஊருணியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நம்மிடம் இது ஒரு வியாதி. பழைய இடம் என்றால் ‘எவ்வளவு பழசு, யாருடையது?’ இந்த இரண்டு கேள்விதான். கீழடிக்குப் போனாலும் அதே. உறைகிணற்றுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஆண்டுக் கணக்கில் சண்டை போட்டபடி பஸ் ஏறுகிறோம். அந்த உறையை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி இறக்கினார்கள் என்று கேட்பவரை நான் பார்த்ததில்லை. 2021இல் யுனெஸ்கோ தோலாவிராவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இங்கே வந்த பதிவுகளைத் தேடிப் பாருங்கள். பலகை, பலகை, பலகை. தண்ணீரைப் பற்றி ஒப்புக்கு ஒரு வரி.

ரண் அழகு என்கிறீர்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஒரு நாள் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பி, வாங்கி வைத்த பாட்டிலைத் திறக்கிறவனுக்கு உப்பு அழகாகத்தான் இருக்கும்.

என்ன படிப்பது என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? அங்கே அகழாய்வை நடத்திய ஆர்.எஸ். பிஷ்ட் அந்தத் தண்ணீர் ஏற்பாட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார், தேடிப் படியுங்கள். படிக்காவிட்டாலும் பாதகமில்லை. அடுத்த முறை ஓர் இரவாவது தோலாவிராவிலேயே தங்குங்கள்.

அப்பா எந்த ஊரில் வளர்ந்தவர் என்று எழுதவில்லையே. தண்ணீர்க் கஷ்டம் பார்த்த மனிதர் என்று என் மனதுக்குப் படுகிறது. அவரிடம் போய் மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பிக்காதீர்கள், சங்கடப்படுவார். அந்தக் கரையில் உட்கார்ந்து என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று சும்மா கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதி அனுப்புங்கள். அஸ்தமனப் படங்கள் மேற்கொண்டு வேண்டாம், வந்ததே போதும்.