பனியனைப் பிழிந்தால் சொட்டும் வியர்வை: பலவீனமா?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. சேலம் லீ பஜாரில் மூட்டை தூக்குகிறார். மதியம் சாப்பிட வரும்போது பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. கூட வேலை பார்க்கும் இளவட்டங்களுக்கு இவ்வளவு வியர்ப்பதில்லையாம். பாலிடெக்னிக் படிக்கும் என் மகனோ, 50 கிலோ மூட்டையை லாரியில் ஏற்ற கால் கலோரிகூட ஆகாது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறான். அப்படியானால் இது பலவீனமா? டானிக் ஏதாவது தரலாமா?

பதில்: உங்கள் மகன் போட்ட கணக்கு சரிதான் அம்மா. 50 கிலோவை ஒன்றரை மீட்டர் உயர்த்த 735 ஜூல், அதாவது சுமார் 0.18 கலோரி. 200 மூட்டை ஏற்றினாலும் 35 கலோரிதான். ஒரு இட்லிகூட இல்லை. இதை அவர் காதில் போட்டுவிடாதீர்கள், மனுஷன் நொந்துபோவார்.

ஆனால் அது மூட்டையின் கணக்கு. தூக்குகிற ஆளின் கணக்கு வேறு. சைக்கிள் மிதிப்பது, படியேறுவது போன்ற வாகான வேலைகளிலேயே தசை 100 கலோரியை எரித்தால் 20, 25தான் வேலையாகத் தேறும். மிச்சம் சூடு. மூட்டை வேலையில் அதுவும் தேறாது. குனிந்து நிமிரும்போது மூட்டையோடு தன் தலை, தோள், நெஞ்சு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தூக்குகிறார். லாரி மேலே இருப்பவர் இடம் ஒதுக்கும்வரை முதுகில் மூட்டையோடு அசையாமல் நிற்கிறாரே, அப்போது செய்த வேலை இயற்பியல்படி பூஜ்யம். தொடை நடுங்குவது மட்டும் நிஜம். எரிந்ததெல்லாம் சூடாகிறது.

இப்படி உழைப்பவருக்கு மணிக்கு 300 கலோரி செலவாவது சாதாரணம். அதில் 270 சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 65 கிலோ உடம்பை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 54 கலோரி போதும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் 37 டிகிரியில் இருக்கும் உடம்பு ஒரே மணி நேரத்தில் 42க்குப் போய்விடும்.

ஏற்காட்டில் காபி மூட்டை தூக்குபவருக்கும் இதே சூடுதான் உண்டாகிறது. அங்கே 1,500 மீட்டர் உயரத்துக் குளிர்காற்று அதில் நல்ல பங்கைத் தோலிலிருந்து நேராகவே வாங்கிக்கொள்ளும். சித்திரை மாதச் சேலத்தில் காற்று 38, 39 டிகிரி, தோலோ 35. காற்றே நமக்குச் சூடு கொடுக்கிறது! மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். ஒரு லிட்டர் வியர்வை உலர்ந்தால் 580 கலோரி சூடு போகும். உலர்ந்தால்தான். பனியனில் ஊறித் தரையில் சொட்டியது வீண். ஆகவே குறை உங்கள் கணவரிடம் இல்லை, காற்றோட்டமில்லாத மண்டியில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய ஃபேன் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த டானிக்கையும்விட அது மேல்.

வெயிலில் பழகிய உடம்பு சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கும், உப்பையும் குறைவாகவே விடும். புதிதாக வந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். எனக்குக் கவலை அந்த இளவட்டங்களைப் பற்றித்தான்.

என்னிடம் வரும் மூட்டைத் தொழிலாளர்கள் பலரும், "தண்ணி குடிச்சா வயிறு குலுங்குதுங்க, தூக்க முடியறதில்லைங்க" என்பார்கள். ஒரு சொம்பு மொத்தமாகக் குடித்தால் குலுங்கத்தான் செய்யும். 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் போதும். நடுவில் உப்புப் போட்ட நீர்மோர் அல்லது நீராகாரம் குடிக்கலாம். உப்பு மாத்திரை வேண்டாம். பிரஷர் இருப்பவர் என்றால் உப்பைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போதுமான அளவு குடிக்கிறாரா என்று பார்க்க, மண்டியில்தான் எடை மெஷின் இருக்கிறதே! காலையில் வேலை தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் ஏறி நிற்கட்டும், ஈரப் பனியனைக் கழற்றிவிட்டு. 65 கிலோ ஆளுக்கு 1.3 கிலோவுக்கு மேல் குறைந்தால் தண்ணீர் போதவில்லை.

உளறினாலோ, தள்ளாடி விழுந்தாலோ நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது குளிர்ந்த வியர்வை கொட்டி, நெஞ்சை அழுத்தினால் அது வெயிலின் வேலையல்ல. உடனே இசிஜி எடுக்க வேண்டும். 47 வயது என்பதால், இப்போது ஒன்றும் இல்லாவிட்டாலும் பிரஷரையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.