பழைய பொருள் கடையில் விலைச்சீட்டை மாற்றி ஒட்டினால் தப்பா?

"இலவசமாக வந்த பொருள்தானே, யாருக்கு நஷ்டம்?" என்பதுதான் கேள்விக்குள் இருக்கும் வாதம். தொண்டு நிறுவனக் கடைக்கு வரும் நன்கொடைப் பொருளுக்கும் தரம் பிரிக்க, துடைக்க, வாடகை கட்ட செலவு உண்டு. கமிஷன் கடை என்றால் பாதிப்பு நேரடி: விற்ற விலையில்தான் பொருளைக் கொடுத்தவரின் பங்கு.

சட்டமும் இதைப் பேரமாகப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் 1983-ல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, ஏமாற்றும் நோக்கத்தோடு சீட்டை மாற்றுவது 1968 திருட்டுச் சட்டப்படி பொருளை அபகரிப்பதே என்றது. ஊழியரே குறைத்து ஒட்டியிருந்தால் கதை வேறு. அந்த விலைக்கு வாங்குவதில் உங்கள் பொய் எதுவும் இல்லை.

மாட்டிக்கொள்வதும் எளிது. பல விலை ஸ்டிக்கர்களில் குறுக்கே கீறல் இருக்கும். உரித்தால் துண்டு துண்டாகக் கிழியும். துணியில் சீட்டைக் கோர்த்திருக்கும் பிளாஸ்டிக் ஊசியை அறுத்து மாற்றினால் இரண்டாவது ஓட்டை காட்டிக்கொடுக்கும். பழி பெரும்பாலும் விலை ஒட்டிய தன்னார்வலர் தலையில் விழும். அதுதான் இதில் அசிங்கமான பகுதி.

விலை அதிகமா? அறுந்த ஜிப், கறை, இல்லாத பொத்தானைக் காட்டி கவுண்டரில் கேளுங்கள். சீட்டு நிறத்தை வைத்துத் தள்ளுபடி தரும் கடையில், அந்த நிறத்தின் முறை வரும்வரை பொறுக்கலாம். சீட்டு விழுந்து கிடந்தால் நீங்களே ஒட்டாமல் ஊழியரிடம் கொடுங்கள்.