இரத்தத்தில் இன்சுலின் நிறைய இருந்தும் சிலருக்குச் சீனி ஏன் குறைவதில்லை?

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்வியை மாணவர்களைவிட அவர்களின் தாய் தகப்பன்மார்தான் என்னிடம் கூடுதலாகக் கேட்பார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே சீனி வருத்தக் குளிசை இல்லாத வீடு குறைவு.

இன்சுலின் என்றால் சாவி, கலம் என்றால் பூட்டு என்றுதான் பலரும் படித்திருப்போம். அது பாதிக் கதை. திறப்பதற்கு இருக்கும் அளவுக்கு மூடுவதற்கும் கலத்தில் ஏற்பாடுகள் இருக்கின்றன. வருத்தத்தை விளங்கிக்கொள்ள இந்த மறுபாதிதான் வேண்டும்.

முதலில் திறப்பது. தசைக் கலத்தின் மேற்பரப்பில் இன்சுலினைப் பிடிப்பதற்கென்று இருக்கும் வாங்கி என்ற புரதத்தில் இன்சுலின் வந்து பிணைகிறது. உடனே வாங்கியின் உட்பகுதியில் தைரோசின் என்ற அமினோ அமிலங்களின் மேல் பொசுபேற்று ஏறுகிறது. அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு ஐஆர்எஸ் என்ற புரதம் வேலையைத் தொடங்க, அது பிஐ3கே நொதியத்தைக் கூப்பிடுகிறது. பிஐ3கே மென்சவ்வில் பிஐபி3 என்ற கொழுப்பு மூலக்கூற்றை உண்டாக்க, ஏகேடி என்ற அடுத்த நொதியம் விழிக்கிறது. அப்புறம்தான், உள்ளே சிறு பைகளில் கிடந்த குளுட்4 புரதங்கள் மேலே வந்து குளுக்கோசை உள்ளே விடுகின்றன.

இனி மூடுவது. வாங்கியில் ஏறிய பொசுபேற்றைப் பிடிபி1பி என்ற நொதியம் கழற்றிவிடுகிறது. இந்த நொதியம் இல்லாமல் பிறப்பித்த எலிகளைப் பற்றி 1999இல் வெளியான ஆய்வில், அவற்றின் உடல் இன்சுலினுக்கு நன்றாக இசைந்தது. கொழுப்பு உணவு கொடுத்தும் அவை பெரிதாகக் கொழுக்கவில்லை. பிஐபி3ஐ அழிப்பது பிடென் என்ற இன்னொரு நொதியம். வாங்கியையே கலம் உள்ளே இழுத்துக்கொள்வதும் உண்டு. இன்சுலின் நீண்ட காலம் கூடுதலாக நின்றால் மேற்பரப்பில் வாங்கிகளின் தொகை குறைந்துவிடும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று. உணவு தாராளமாக இருக்கும்போது எஸ்6கே என்ற நொதியம் தூண்டப்பட்டு, ஐஆர்எஸ் புரதத்தில் தைரோசினை விட்டு செரீன் என்ற வேறொரு அமினோ அமிலத்தில் பொசுபேற்றை ஏற்றுகிறது. அதோடு ஐஆர்எஸ் சோர்ந்துபோகிறது. "போதும்" என்று கலம் சொல்கிற முறை இது. உடலுக்கு நல்லதுதான், ஆனால் நாள் முழுக்க மேலதிகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் "போதும்" விலகாமலே நிற்கும். சதையி இன்னும் இன்சுலினைச் சுரக்கும், கலம் இன்னும் மந்தமாகும்.

சரி, என்ன செய்யலாம்? தசை சுருங்கும்போது இன்சுலினின் உதவி இல்லாமலே குளுட்4 மேலே வரும். அதனால்தான் இராச் சாப்பாட்டுக்குப் புட்டும் மாம்பழமும் சாப்பிட்டவர் ஒழுங்கையில் கொஞ்ச நேரம் நடந்தால் சீனி ஏறுவது மட்டுப்படுகிறது. குளிசையை நிறுத்திவிட்டு நடக்கச் சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

இன்சுலினின் இதே பாதையைத்தான், கலங்களை வளரச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகளும் பாவிக்கின்றன. பிடென் பழுதானால் "வளர்" என்ற செய்தி ஓயாது; பல புற்றுநோய்களில் இது நடக்கிறது. அல்பெலிசிப் என்ற மருந்து 2019இல் அமெரிக்காவில் ஒருவகை மார்புப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. பிஐ3கே நொதியத்தைத் தடுப்பதுதான் அதன் வேலை. அதை எடுப்பவர்களில் பலருக்கு இரத்தச் சீனி ஏறுவதால், தொடங்குமுன்பும் பிறகும் சீனி பார்க்கிறார்கள்.