மாட்டு டாக்டர் என்றால் இளப்பமா?

கேள்வி: என் மகளுக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். உறவுக்காரர்கள்தான் ‘மாட்டு டாக்டருக்கா படிக்க வைக்கிறீங்க?’ என்று கேட்கிறார்கள். இன்னொரு வருடம் நீட் எழுத வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இந்தப் படிப்பைப் படித்து உலக அளவில் பெயர் வாங்கியவர்கள் உண்டா?
— ஒரு தந்தை, திண்டிவனம்

பதில்: உண்டு. ஒரே ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ‘வெக்கை’ என்ற மாட்டு நோயைப் பற்றிக் கேட்டுவிட்டு வாருங்கள். கோமாரி வந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வெக்கை வந்தால் தொழுவமே காலி. காய்ச்சல், வாயெல்லாம் புண், அப்புறம் நிற்காத கழிச்சல். சில நாளில் மாடு சாய்ந்துவிடும். 1890களில் இந்நோய் ஆப்பிரிக்காவில் பரவியபோது பல பகுதிகளில் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகள் செத்தன. உழ மாடு இல்லாமல் எத்தியோப்பியாவில் மனிதர்களும் பஞ்சத்தில் மடிந்தார்கள்.

அந்த வெக்கையை ஒழிக்க உதவிய தடுப்பூசியை உருவாக்கியவர் வால்டர் பிளவ்ரைட், இங்கிலாந்துக்காரர். 1923இல் பிறந்து, லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1950இல் காலனி அரசின் கால்நடைப் பணியில் சேர்ந்து கென்யா போனார், பிறகு நைஜீரியா, மறுபடியும் கென்யா. நைரோபிக்குப் பக்கத்தில் முகுகா ஆய்வுக்கூடத்தில் மட்டும் 15 வருடம். வெக்கைக்கு அப்போதே தடுப்பூசி இருந்தது. நம் நாட்டு முக்தேஸ்வரில் 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் வைரஸை ஆடுகளில் வளர்த்து உருவாக்கிய தடுப்பூசி அதில் ஒன்று. ஆனால் நோஞ்சான் மாடுகளையும் சில இனங்களையும் அந்த ஊசியே படுக்க வைத்துவிடும். பிளவ்ரைட் அந்த வைரஸைக் கன்றின் சிறுநீரகச் செல்களில் வளர்த்தார். அதிலிருந்து எடுத்து இன்னொரு தொகுதிச் செல்களில், மறுபடி இன்னொன்றில் என்று ஏறக்குறைய 90 தடவை. கடைசியில் வைரஸுக்கு நோயைக் கொடுக்கும் வலு போய்விட்டது, எதிர்ப்பைத் தூண்டும் குணம் மட்டும் நின்றது. கன்றுக்கும் போடலாம், சினை மாட்டுக்கும் போடலாம். ஒரே ஊசி, ஆயுசுக்கும் போதும்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கும். காட்டெருது போன்ற வில்டபீஸ்ட் கன்று ஈனும் இடத்தில் மேய்ந்தால் மாட்டுக்கு வேறொரு நோய் வரும் என்று மாசாய் மேய்ப்பர்கள் சொல்லிவந்தார்கள். அந்த விலங்கிலிருந்தே அந்நோயின் வைரஸைப் பிரித்தெடுத்து, மேய்ப்பர்கள் சொன்னது சரிதான் என்று காட்டியவரும் இவரே.

உறவுக்காரர்களுக்குப் பதவி முக்கியம் என்றால் அதுவும் இருக்கிறது. 1971இல் தான் படித்த கல்லூரிக்கே பேராசிரியராகத் திரும்பினார். பிறகு காம்ப்டன் ஆய்வு நிறுவனத்தில் நுண்ணுயிரியல் துறைத் தலைவர். 1981இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர், 1999இல் உலக உணவுப் பரிசு.

ஆனால் ஊசியைக் கண்டுபிடித்ததோடு நோய் போய்விடவில்லை. 1960களில் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் போட்டார்கள், நோய் அடங்கியது. போடுவதை விட்டார்கள், 1980களில் திரும்பி வந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத ஊர்களுக்கு மருந்து கெடாமல் போக வேண்டியிருந்தது. வெயிலைத் தாங்கும்படி அதே தடுப்பூசியை மாற்றிக் கொடுத்த ஜெஃப்ரி மரைனரும் கால்நடை மருத்துவர்தான். 2001இல் கென்யாவில் கடைசியாக நோய் தென்பட்டது. 2011இல் வெக்கை உலகிலேயே இல்லை என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றுதான். பிளவ்ரைட் அதற்கு முந்தைய வருடம் இறந்துபோனார். அந்த அறிவிப்பை அவர் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995இல், நம் தமிழ்நாட்டில்தான். அதன் பிறகு வராததற்குக் காரணம், ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழுவம் தொழுவமாக நடந்தவர்கள். உங்கள் உறவுக்காரர்கள் இளப்பமாகச் சொல்லும் அதே மாட்டு டாக்டர்கள்.

மகளுக்குச் சந்தோஷம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் யாரைக் கேட்க வேண்டும்? கடைசித் தேதிக்குள் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.