‘அக்செப்ட்’ அமத்த முன்: பூச் சோடனை லிங்கில் பார்க்க வேண்டியவை

கேள்வி: மகளுக்கு வரும் செப்டெம்பர் 10ஆம் திகதி கிளிநொச்சியில் கலியாணம். மணவறைச் சோடனைக்குக் கொழும்பில் ஒரு கம்பனியிடம் பேசியிருக்கிறோம். அவர்கள் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பி, படங்களையும் விலையையும் பார்த்து ‘அக்செப்ட்’ கொடுக்கச் சொல்கிறார்கள். எல்லாம் ஆங்கிலம். மாலைக்கு வேறு பூ வேண்டும் என்று அதிலேயே எழுதிப் போட்டேன், பதில் இல்லை. காசு கட்டுவது கனடாவில் இருக்கும் தம்பி. மண்டபத்தில் அறிமுகமான ஒருவர், “போனைத் தாங்கோ அக்கா, நானே அமத்தி விடுறன்” என்கிறார். அமத்திவிட்டால் பிறகு எதையும் மாற்ற ஏலாதா? – ஒரு தாயார், கரைச்சி

பதில்: முதலில் போனை யாரிடமும் கொடுக்காதீர்கள் அம்மா. இப்படியான லிங்குகள் பலவற்றுக்குக் கடவுச்சொல் கிடையாது. கையில் லிங்க் உள்ளவர் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்து அமத்தினால், பார்வைக்கு அது நீங்கள் போட்ட கையெழுத்தாகவே இருக்கும். எந்த நாள், எந்த நேரம், எந்த இணைய முகவரியிலிருந்து அமத்தப்பட்டது என்பதெல்லாம் பதிவாகும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டப்படி, போனில் அமத்தியது என்பதற்காக மட்டும் ஒரு உடன்படிக்கை செல்லாமல் போகாது. காணி விற்பனை, இறுதி விருப்பாவணம் போன்ற சிலவற்றுக்குத்தான் அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. கலியாணப் பூவுக்கு இல்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் அந்த லிங்கைப் போடாதீர்கள். ஆசையில் ஒரு மருமகன் அமத்திவிட்டால் வழக்காடிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரமிருக்காது.

அந்த ‘உதவி’ செய்கிறவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் கம்பனிக்காரர் இல்லை, மண்டபக்காரரும் இல்லை. இப்படியானவர்களில் சிலர் செய்வது என்னவென்றால், வாடிக்கையாளர் என்ற இடத்தில் தங்கள் ஈமெயிலைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு திருத்திய விலை, தவணை நினைவூட்டல், பற்றுச்சீட்டு எல்லாம் அவருக்குத்தான் போகும். உங்களுக்கு வருவது அவர் எடுத்து அனுப்பும் ஸ்கிரீன்சொட். அதில் தொகையை மாற்றுவது பெரிய வித்தையில்லை. ‘கோஓர்டினேசன்’ (ஒருங்கிணைப்பு) என்ற பெயரில் ஒரு வரி இருந்தால் அது யாருக்குப் போகும் காசு என்று கம்பனியிடமே கேளுங்கள். ஆகவே இன்றே கம்பனிக்கு எடுத்து, வாடிக்கையாளர் பெயரும் ஈமெயிலும் உங்களுடையதா என்று உறுதிப்படுத்துங்கள். உங்களிடம் ஈமெயில் இல்லையென்றால் மகளுடையதைக் கொடுங்கள். முற்பணத்தை “என்ர கணக்குக்குப் போடுங்கோ, நான் கட்டிவிடுறன்” என்று அவர் சொன்னால் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. அமத்திய பிறகு மாற்றலாம், ஆனால் அவர்கள் சம்மதித்தால் மட்டும். அமத்த முன்னர் மாற்றுவது உங்கள் உரிமை. நீங்கள் மாலையைப் பற்றி எழுதிய இடம் கருத்துப் பெட்டியாக இருக்கும். அங்கே எழுதியதால் விலைப்பட்டியலில் ஒரு எழுத்துக்கூட மாறாது. ‘ரிக்குவெஸ்ற் சேஞ்சஸ்’ (மாற்றம் கேட்பது) என்று ஒரு பட்டன் இருந்தால் அதை அமத்தி எழுதுங்கள். அது இல்லையென்றால் கருத்தில் எழுதிவிட்டுப் போனிலும் சொல்லுங்கள். அவர்கள் பட்டியலைத் திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும். மேலே உள்ள திகதியோ பதிப்பு இலக்கமோ மாறியிருக்கிறதா, மாலை என்ற வரியில் நீங்கள் சொன்ன பூவின் பெயர் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அக்செப்ட். முற்பணம் கட்டினாலே சம்மதித்ததாகக் கொள்வோம் என்று பல கம்பனிகள் நிபந்தனையில் எழுதியிருக்கும். அதனால் தம்பி அவசரப்பட்டு அங்கிருந்து கட்டிவிடாமல் இப்போதே சொல்லி வையுங்கள்.

நிபந்தனைகளில் ‘சப்ஸ்டிடியூசன்’ என்று ஒரு பந்தி பெரும்பாலும் இருக்கும். பூ கிடைக்காவிட்டால் அதே நிறத்தில், அதே பெறுமதியில் வேறு பூ வைப்போம் என்பது அதன் பொருள். இது நியாயமானதுதான். மலைநாட்டில் மழை கொட்டினால் ரோசாவும் கார்னேசனும் வராது, அதற்குக் கம்பனி என்ன செய்யும்? தோரணத்துக்கும் மேசைக்கும் இந்த நிபந்தனையை ஏற்றுக்கொள்ளுங்கள். மாலைக்கு மட்டும் ஏற்காதீர்கள். மணவறையின் பின்பக்கத்தில் ரோசாவுக்குப் பதில் செவ்வந்தி இருந்தால் வருகிற சனத்தில் ஒருவருக்கும் தெரியாது. மாலை மாற்றும்போது தட்டில் வெள்ளைச் செவ்வந்தி மாலை வந்தால் பெரியவர்களின் முகம் போகும் போக்கே வேறு. படத்திலும் காலத்துக்கும் அதுதான் நிற்கும். பொது நிபந்தனையை அவர்கள் திருத்த மாட்டார்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாலை வரியின் விபரத்திலேயே, என்ன பூ, என்ன நிறம், எத்தனை அடி நீளம், “எங்களைக் கேட்காமல் மாற்றக்கூடாது, கிடைக்காவிட்டால் 3 நாளுக்கு முன் அறிவித்து இந்தத் தொகையைக் கழிக்க வேண்டும்” என்று எழுதச் சொல்லுங்கள். 3 நாள் இருந்தால் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ மாலை கட்டுகிறவரிடம் சொல்லிச் செய்வித்துவிடலாம். மகளின் தலைக்கு வைக்கும் மல்லிகைச் சரத்தை அந்தப் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுங்கள். அதைக் கொழும்பிலிருந்து ஏற்றுவித்து வாடவைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

திகதியைப் பாருங்கள். இந்த மென்பொருட்களில் பல அமெரிக்கப் பழக்கத்தில் மாதத்தை முன்னுக்குப் போடும். செப்டெம்பர் 10 என்பது 09/10 என்று வரும். இங்கே இருக்கும் வேலையாள் அதை ஒக்டோபர் 9 என்று வாசித்தால் யார் பொறுப்பு? மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை என்ற இடத்தில் ‘1’ என்று இருப்பதும் ஒரு பொறிதான். படத்தில் மண்டப அகலத்துக்குத் தோரணம் தொங்கும், வருவது 6 அடியாக இருக்கும். அகலம், உயரம், நிசப்பூ எவ்வளவு, துணிப்பூ எவ்வளவு என்று ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். ‘சில்க்’ என்று எழுதியிருந்தால் அது துணிப்பூ. ‘ஒப்சனல்’ (விரும்பினால் மட்டும் எடுப்பவை) என்ற வரிகளில் முன்கூட்டியே சரி போட்டிருந்தால், வேண்டாதவற்றை எடுத்துவிட்டு மொத்தத்தைத் திரும்பப் பாருங்கள். வற் வரி 18 வீதம் மொத்தத்துக்குள் அடங்கியதா, வெளியிலா? 350,000 ரூபாய் என்று பேசியது வரியோடு 413,000 ஆகும். வற் அறவிடுகிறவர் பதிவு இலக்கம் காட்ட வேண்டும். கிளிநொச்சிக்கு லொறிக் கூலியும் வேலையாட்கள் தங்கும் செலவும் கீழே தனியாக ஒளிந்திருக்கலாம். போன் திரையில் அவ்வளவு கீழே யாரும் போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். வடக்கில் கலியாணத்துக்குக் கலியாணம் காசு வாங்குகிறவர்கள் நிபந்தனையை ஒரு பக்கம் தமிழில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

செப்டெம்பரில் வன்னி வெயிலும் காற்றும் தெரியும்தானே. கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். படத்தில் பெரிய நீலப் பூங்கொத்தாக ஹைட்ரேஞ்சியா இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், தண்ணீர் குறைந்தவுடன் தலை தொங்கிவிடும். செவ்வந்தி, ஓர்க்கிட், அந்தூரியம் தாக்குப்பிடிக்கும். குளிரூட்டிய வாகனமா, எத்தனை மணிக்கு இறக்குவார்கள் என்பதையும் பட்டியலில் எழுதுவியுங்கள். பூப்பெட்டிகளை வாழைக்குலை வைத்திருக்கும் அறையில் இறக்க விடாதீர்கள். பழுக்கும் பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு கார்னேசனையும் ஓர்க்கிட்டையும் ஒரே இரவில் வாடவைக்கும்.

தம்பி கட்டும்போது லிங்கில் உள்ள ‘பே’ பட்டனில் வங்கி அட்டையால் கட்டலாம். வங்கிச் செலவையும் நாணய மாற்றையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். கணக்குக்குப் போடுவதென்றால், கணக்கின் பெயர் வியாபாரப் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயராக இருக்க வேண்டும். குறிப்பில் பட்டியலின் இலக்கத்தைப் போடச் சொல்லுங்கள். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கையாவது சோடனை முடிந்த பிறகு தருவதாகப் பேசுங்கள். ஒத்துக்கொண்டால் அதுவும் தவணை அட்டவணையில் வர வேண்டும், வாய்ப்பேச்சு கணக்கில்லை.

அக்செப்ட் கொடுத்தவுடன் பி.டி.எவ் பிரதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், லிங்க் எப்போதும் திறந்திருக்காது. அதை அச்செடுத்து, பூ இறங்கும்போது மண்டபத்தில் நிற்கும் ஆளிடம் கொடுங்கள். குறைந்ததை அப்போதே படமெடுத்துக் கம்பனிக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். கம்பனி கையை விரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில், 3 மாதத்துக்குள், அந்தப் பிரதியையும் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். விசாரணை இழுபடும்தான், ஆனால் கையில் கடதாசி இல்லாவிட்டால் முறைப்பாட்டை நிரூபிப்பதே கஷ்டம்.