2014 மக்களவைத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு வாக்கு பெற்றும் பகுஜன் சமாஜ் ஓரிடம்கூட வெல்லாதது ஏன்?

தொகுதிவாரியாக அதிக வாக்கு பெறுபவரே வெற்றியாளர் என்ற முறையில், ஒரு கட்சியின் வாக்குகள் எங்கே குவிந்திருக்கின்றன என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. மாயாவதி தலைமையிலான பகுஜன் சமாஜுக்கு அவை மாநிலமெங்கும் பரவிக் கிடந்ததால், முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் இரண்டாமிடம் வந்தும் எதிலும் முதலிடத்தை எட்டவில்லை. சுமார் 42 விழுக்காடு பெற்ற பாரதிய ஜனதா 80 இடங்களில் 71-ஐக் கைப்பற்றியது. எதிர்த்தரப்பு மூன்றாகப் பிரிந்து நின்றதே இதற்குப் பெருங்காரணம் என்பேன். சற்றே கூடுதல் வாக்கு பெற்ற சமாஜ்வாதி ஐந்து இடங்களை வென்றது (ஐந்திலும் அக்கட்சியின் அப்போதைய தலைவர் முலாயம் சிங்கின் குடும்பத்தினரே வென்றார்கள் என்பது தனிக்கதை). மிகக் குறைவாகவே வாக்கு பெற்ற காங்கிரஸ்கூட அமேதியையும் ரேபரேலியையும் தக்கவைத்துக்கொண்டது. 2019-இல் சமாஜ்வாதியுடன் கூட்டணி சேர்ந்தபோது, பகுஜன் சமாஜ் ஏறக்குறைய அதே வாக்கு விழுக்காட்டில் 10 இடங்களைப் பெற்றது.