மழையில் நின்றுபோன இசை நிகழ்ச்சி: டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: என் பெற்றோர் இளமையில் கேட்ட பாடல்களை நேரில் கேட்கட்டும் என்று, கோடைக்கால திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்கு நான்கு டிக்கெட் எடுத்தேன். மூன்று மணி நேரம் என்று விளம்பரம். ஆறாவது பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. அத்தோடு நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவித்துவிட்டார்கள். மாற்றுத் தேதியும் இல்லை. பணத்தைக் கேட்டால், ‘திரும்பத் தரப்படாது’ என்று டிக்கெட்டிலேயே இருக்கிறது என்கிறார்கள். ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். ஆசையாகக் கூட்டிப்போன பெற்றோரை நனைந்தபடி திருப்பி அழைத்துவந்த வருத்தம் எனக்குப் புரிகிறது.

ஆனால் மழை பெய்தது அமைப்பாளரின் குற்றமல்ல. நனைந்த மேடையில் மின்சாரத்தோடு விளையாட முடியாது. நிறுத்தியது சரியான முடிவுதான். மனுவில் அதைக் குறைசொல்லி எழுதாதீர்கள், வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். பாடாத பாட்டுக்கும் சேர்த்துப் பணத்தை வைத்துக்கொண்டு, மாற்று ஏற்பாடும் செய்யாமல் கையை விரித்தார்களே, உங்கள் வழக்கு அதுதான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி இதைச் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2(47) பிரிவு. டிக்கெட்டில் ஒரு வரி அச்சடித்துவிட்டால் இந்தப் பொறுப்பு தானாகக் கழன்றுவிடாது.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். ‘அந்த நிபந்தனையே செல்லாது என்று அறிவியுங்கள்’ என்று கேட்டால், அந்த அதிகாரம் மாநில, தேசிய நுகர்வோர் ஆணையங்களுக்குத்தான் உண்டு. உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. சேவைக் குறைபாடு, பணம், இழப்பீடு என்று மட்டும் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். நிகழ்ச்சி எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். டிக்கெட் தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை.

முதலில் அமைப்பாளருக்கும் டிக்கெட் விற்ற செயலிக்கும் 15 நாள் கெடு வைத்துப் ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். சில நேரம் அதிலேயே பணம் வந்துவிடும். வராவிட்டால் இருவரையும் மனுவில் எதிர்தரப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட், பணம் கட்டிய குறுஞ்செய்தி, ‘மூன்று மணி நேரம்’ என்ற விளம்பரம், நிறுத்திய அறிவிப்பை யாராவது எடுத்த வீடியோ எல்லாவற்றையும் இப்போதே சேமித்துவையுங்கள். விளம்பரத்தை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடுவார்கள்.

முழுத் தொகையையும் கேளுங்கள். ஆனால் நடந்த பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச்சொல்லி உத்தரவு வரவும் வாய்ப்புண்டு, அதற்கும் தயாராக இருங்கள். மனுப் போட நிகழ்ச்சி நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம்.